வாயில்லா ஜீவனின் வழக்கு

  

 

இன்றைய பேச்சை ஒரு கோழியிலிருந்து தொடங்குகிறேன். ஸயீத் இப்னு ஜுபைர் (ரஹ்) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது. புகாரியிலும் இருக்கிறது, முஸ்லிமிலும் இருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே சில இளைஞர்கள் ஒரு கோழியைக் கட்டி நிறுத்தி, அதைக் குறியாக வைத்து அம்பெய்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இப்னு உமர் (ரலி) வருவதைக் கண்டதும் ஆளுக்கொரு பக்கமாக ஓடிவிட்டார்கள். இதைச் செய்தது யார் என்று அவர்கள் கேட்டார்கள். இப்படிச் செய்கிறவரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள்.

முஸ்லிமின் அறிவிப்பில் ஒரு விவரம் கூடுதலாக வருகிறது. குறி தவறி விழும் ஒவ்வொரு அம்பும் அந்தப் பறவையின் சொந்தக்காரருக்கு என்று அவர்கள் பேசி வைத்திருந்தார்களாம். இந்த விவரத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் வில்லைத் தொடவில்லை. ஒரு ஓரமாக நின்றார். அவருக்குச் சேர வேண்டியது அவருக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

நெய்க்காரப்பட்டியில் இன்று யாரும் கோழியைக் கட்டி வைத்து அம்பு விடுவதில்லை. ஆனால் கோழி இருக்கிறது. அதைக் கொண்டு சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறோம், சாப்பிடுகிறவர்கள் இருக்கிறோம். அதனால்தான் இந்தப் பேச்சு.

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி கோவையில் வேலை பார்க்கிறார். கொஞ்ச நாளாகக் கறி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. வீகன் என்கிறார். வீட்டில் பெரிய மனத்தாங்கல். அவருடைய அத்தா என்னிடம் வந்து, "ஹஜ்ரத், இவன் மார்க்கத்தை விட்டுப் போறானான்னு பாருங்க" என்றார். தம்பியைக் கூப்பிட்டுப் பேசினேன். தொழுகையை விடாதவர். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஹஜ்ரத், அறுக்கும்போது பிஸ்மில்லாஹ் சொல்லிட்டா, அதுக்கு முன்னாடி நாப்பது நாள் அந்தக் கோழிக்கு நடந்ததெல்லாம் ஹலாலாயிடுமா?"

அவருடைய அத்தா கேட்டது ஒரு கேள்வி, மகன் கேட்டது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் மிம்பரில் வைத்தே பதில் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். ஏனென்றால் இந்தக் கேள்வி ஒரு வீட்டோடு நிற்கப் போவதில்லை.

முதலில் அத்தாவின் கேள்வி. கறியை ஒருவர் விட்டுவிட்டால் ஈமானுக்குப் பங்கமா?

திர்மிதியில் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். கறி சாப்பிட்டால் எனக்கு இச்சை மிகுந்துவிடுகிறது, ஆகவே கறியை என் மீது ஹராமாக்கிக்கொண்டேன் என்றார். அதையொட்டித்தான் அல்மாயிதா அத்தியாயத்தின் 87ஆம் வசனம் இறங்கியது. அல்லாஹ் ஹலாலாக்கிய நல்லவற்றை நீங்களாக ஹராமாக்கிக்கொள்ளாதீர்கள், வரம்பு மீறாதீர்கள் என்பது அதன் கருத்து. கறியைப் பற்றியே வந்த செய்தி இது. இதை நாம் தாண்டிப் போக முடியாது.

இன்னொரு செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் முன் உடும்புக் கறி வைக்கப்பட்டது. கையை எடுத்துக்கொண்டார்கள். இது ஹராமா என்று காலித் இப்னு வலீத் (ரலி) கேட்டார்கள். ஹராம் இல்லை, எங்கள் ஊரில் பழக்கமில்லாதது, என் மனம் ஒப்பவில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்துச் சாப்பிட்டார்கள், நபி (ஸல்) அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதுவும் புகாரியில் உள்ளது. உடும்பை உண்பது கூடுமா என்பதில் நம் ஹனஃபி இமாம்கள் வேறு ஆதாரங்களைக் கொண்டு வேறு முடிவு சொல்லியிருக்கிறார்கள். அது இன்றைய பேச்சல்ல. நான் காட்ட வருவது அந்த சபையில் நடந்ததை. ஒருவர் விட்டார், ஒருவர் சாப்பிட்டார். விட்டவர் சாப்பிட்டவரைக் குறை சொல்லவில்லை. சாப்பிட்டவரும் விட்டவரை வற்புறுத்தவில்லை.

ஆக, தனக்காக ஒன்றை விட்டுவிடுவது வேறு, அதை ஹராம் என்று சட்டமாக்குவது வேறு. மனம் ஒப்பவில்லை என்று தம்பி கறியை விடுகிறார் என்றால் அவர் மீது குற்றமில்லை. கறி சாப்பிடுவதே பாவம், சாப்பிடுகிறவர் எல்லாரும் கொலைகாரர் என்று சொல்ல ஆரம்பித்தால், அங்கே அல்லாஹ்வின் அதிகாரத்தில் கை வைக்கிறார். கால்நடைகளில் நமக்கு உணவு உண்டு, கதகதப்பு உண்டு, பால் உண்டு என்று அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் தன் அருட்கொடையாக எண்ணிக் காட்டுகிறான். நபி (ஸல்) அவர்கள் கோழிக்கறி சாப்பிட்டதைத் தாம் பார்த்ததாக அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) சொல்லியிருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

குர்பானி என்ன செய்வது என்று தம்பி கேட்டார். நிஸாப் உள்ளவருக்கு நம் மத்ஹபில் குர்பானி வாஜிப், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கறியிலிருந்து சாப்பிடுவது வாஜிப் அல்ல. முழுவதையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம். சொல்லப்போனால் ஏழைகளுக்கு அதில் லாபம்தான்.

இந்த வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் உண்டாக்கியது. பால், முட்டையும் சாப்பிடாத சைவர்களைக் குறிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது. ஆனால் சொல்தான் புதிது, வழக்கம் புதிதல்ல. ஹிஜ்ரி 449இல் மறைந்த அபுல் அலா அல்மஅர்ரி என்ற அரபுக் கவிஞரை அரபுக் கல்லூரியில் ஓதியவர்கள் அறிவார்கள். சிரியாவின் மஅர்ரத்துந் நுஃமானில் வாழ்ந்த பார்வையற்ற மேதை. வாழ்நாளின் பிற்பாதி முழுவதும் கறி, மீன், பால், முட்டை, தேன் எதையும் அவர் உண்ணவில்லை. ஏன் என்று கேட்டு எகிப்திலிருந்து பெரிய பதவியில் இருந்த ஒருவர் கடிதம் எழுதினார், நல்ல சாப்பாட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றும் சொன்னார். இவர் ஏற்கவில்லை. மஅர்ரியின் அகீதா பற்றி உலமாக்கள் கடுமையாகப் பேசியிருக்கிறார்கள், அதை நான் மறைக்கவில்லை. அவரைப் பின்பற்றச் சொல்லி இதை எடுக்கவில்லை. இந்தக் கேள்வி கோவை ஐ.டி. கம்பெனியில் முளைத்ததல்ல, ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் சமுதாயத்துக்குள் எழுந்து பதில் கேட்டு நின்றது என்பதைச் சொல்லத்தான் எடுத்தேன்.

இப்போது மகனின் கேள்விக்கு வருகிறேன். அதுதான் கஷ்டமான கேள்வி.

நம் ஊரிலிருந்து மேற்கே உடுமலை, பல்லடம் என்று போனால் இரண்டு பக்கமும் நீள நீளமான கோழி ஷெட்டுகள். இந்தியாவில் ஒப்பந்த முறையில் கறிக்கோழி வளர்ப்பு வேரூன்றிய பூமியே இதுதான். கம்பெனி குஞ்சு கொடுக்கும், தீவனம் கொடுக்கும், மருந்து கொடுக்கும். நம் ஆள் ஷெட்டும் கரண்டும் தண்ணீரும் உழைப்பும் கொடுப்பார். நாற்பது நாள் போல ஆனதும் லாரி வரும், எடை போடுவார்கள், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. நம் ஜமாஅத்திலேயே ஷெட் வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை மிம்பரில் வைத்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமல்ல. தண்ணீர் வற்றிய கிணற்றை வைத்துக்கொண்டு விவசாயத்தில் நஷ்டப்பட்டுத்தான் பலரும் ஷெட் போட்டார்கள்.

ஆனால் ஷெட்டுக்குள் இருக்கும் அந்தக் கோழி எப்படிப்பட்ட கோழி? கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். 1957ஆம் ஆண்டு இனக் கோழியையும் 2005ஆம் ஆண்டு இனக் கோழியையும் ஒரே தீவனம் கொடுத்து வளர்த்தார்கள். 56 நாளில் பழைய இனம் சுமார் 900 கிராம். புதிய இனம் 4 கிலோ 200 கிராம். தீவனம் ஒன்றே, நாளும் ஒன்றே. மாறியது கோழியின் உடம்பு. சதை அவசரமாக வளர்கிறது, அந்த வேகத்துக்கு எலும்பும் இதயமும் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஷெட் வைத்திருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைசி வாரத்தில் கால் மடிந்து உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கும் கோழிகளை அவர்கள்தான் தினமும் பார்க்கிறார்கள். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்று கணக்கு. சித்திரை வெயிலில் கரண்ட் போனால் என்ன நடக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

முட்டைக் கோழியின் நிலைமை இதைவிட மோசம். நாமக்கல் பக்கம் போனால் அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டுகள். அதில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் நாம் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளை விடக் குறைவு. இறக்கையை விரிக்க முடியாது. மண்ணைக் கிளற முடியாது. முட்டையிட மறைவான இடம் தேடுவது கோழியின் இயல்பு, அந்த மறைவு கிடையாது. ஒன்றை ஒன்று கொத்தாமலிருக்க அலகின் நுனியைச் சுட்டு வெட்டிவிடுகிறார்கள். காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டைதான் இடும். இது 300க்கு மேல் இடுகிறது. இந்த இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கும் லாபமில்லை. ஆகவே பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். உலகம் முழுவதும் இதுதான் வழக்கம். ஜெர்மனி 2022இல் இதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. வெறும் கம்பிக் கூண்டுகளை ஐரோப்பிய யூனியன் 2012இலேயே நிறுத்திவிட்டது. நம் நாட்டிலும் 2017இல் சட்ட ஆணையம் தன்னுடைய 269ஆவது அறிக்கையை இதற்காகவே எழுதி, வரைவு விதிகளையும் சேர்த்துக் கொடுத்தது. அதற்கும் முன்பே, 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் அசைய இடமில்லாத கூண்டில் ஒரு பிராணியை அடைப்பது குற்றம் என்று சொல்லிவிட்டது. முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். ஒரு தட்டு முட்டை வாங்க அந்த அபராதம் போதாது.

சட்டம் விட்டுவிடும். மார்க்கம் விடுமா?

அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனத்தில் அல்லாஹ் ஒன்றை அறிவிக்கிறான். பூமியில் ஊர்ந்து திரியும் பிராணியானாலும் இரண்டு சிறகால் பறக்கும் பறவையானாலும், அவையும் உங்களைப் போன்ற சமுதாயங்கள்தான், அவையும் தம் இறைவனிடம் ஒன்றுதிரட்டப்படும் என்கிறான். சமுதாயம் என்பதற்குக் குர்ஆன் அங்கே பயன்படுத்தியிருப்பது உம்மத் என்ற சொல்லின் பன்மை. நாம் எந்தச் சொல்லால் நம்மைப் பெருமையாக அழைத்துக்கொள்கிறோமோ அதே சொல்.

அபூதாவூதில் இரண்டு ஒட்டகங்களின் கதை அடுத்தடுத்து வருகிறது. முதல் ஒட்டகத்தின் வயிறு முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. அதைப் பார்த்த நபி (ஸல்) அவர்கள், பேச வாயில்லாத இந்தப் பிராணிகள் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுங்கள் என்றார்கள். அவற்றில் ஏறினாலும் அவை நல்ல நிலையில் இருக்கும்போது ஏறுங்கள், உண்டாலும் நல்ல நிலையில் இருக்கும்போது உண்ணுங்கள் என்றார்கள். இரண்டாவது ஒட்டகம் ஒரு அன்ஸாரித் தோழரின் தோட்டத்தில் நின்றது. நபி (ஸல்) அவர்களைக் கண்டதும் கனைத்தது, கண்ணீர் விட்டது. அவர்கள் அருகில் போய் அதன் காதோரம் தடவிக் கொடுத்தார்கள், அது அமைதியானது. இது யாருடையது என்று கேட்டார்கள். ஒரு அன்ஸாரி இளைஞர் முன்னால் வந்தார். நீ பட்டினி போடுகிறாய், சக்திக்கு மேல் வேலை வாங்குகிறாய் என்று இது என்னிடம் புகார் செய்கிறது என்றார்கள்.

கவனியுங்கள். ஏறாதே என்று சொல்லவில்லை. உண்ணாதே என்று சொல்லவில்லை. ஒட்டகத்தை அவரிடமிருந்து பறிக்கவும் இல்லை. ஆனால் அங்கே ஒட்டகம் வாதி, மனிதன் பிரதிவாதி. பிராணியின் சொந்தக்காரர் என்ற உரிமை அந்த வழக்கை ரத்து செய்யவில்லை.

நாம் பெரும்பாலும் அறுப்பை மட்டுமே பேசுகிறோம். கழுத்தில் எந்த நரம்பு அறுபட வேண்டும், யார் அறுத்தார், பெயர் சொன்னாரா. இவையெல்லாம் அவசியம். ஆனால் ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில், எல்லாவற்றிலும் இஹ்ஸானை அல்லாஹ் விதித்திருக்கிறான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, அதற்கு உதாரணமாகத்தான் அறுப்பை நபி (ஸல்) அவர்கள் எடுக்கிறார்கள். கத்தியைக் கூராக்கு, பிராணிக்குச் சிரமம் கொடுக்காதே என்கிறார்கள். சாகும் அந்த ஒரு நிமிஷத்துக்கே இவ்வளவு கவனம் என்றால், வாழும் நாற்பது நாளுக்கு? பிராணியைக் கட்டிவைத்து வதைத்துக் கொல்வதைத் தடுத்தார்கள் என்று அனஸ் (ரலி) சொல்கிறார்கள். கழுதையின் முகத்தில் சூடு போட்டவரைச் சபித்தார்கள். பால் கறக்கிறவர்கள் மடியில் காயம் படாமல் நகத்தை வெட்டிக்கொள்ளச் சொன்னதாக முஸ்னத் அஹ்மதில் ஒரு அறிவிப்பு வருகிறது. நகம் வரை பார்த்திருக்கிறார்கள்!

பால் விஷயமும் தம்பியின் பட்டியலில் இருப்பதால் ஒரு வார்த்தை. கலப்பினப் பசுவுக்குக் காளைக் கன்று பிறந்தால் நம் பகுதியில் அதற்கு என்ன கதி? உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது. வண்டிக்கும் ஆகாது. பால் குடித்தால் நஷ்டம் என்று மடியிலிருந்து இழுத்துக் கட்டிவிடுகிறார்கள், சில வாரத்தில் அது தானாகப் போய்விடுகிறது. இது நம் வீட்டுக் கொட்டகையிலேயே நடக்கிறது, இதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல முடியாது. சந்தைக்குப் போகும் முன் இரண்டு நேரம் கறக்காமல் மடியைப் பெருக்க வைப்பது இன்னொன்று. அதை நபி (ஸல்) அவர்கள் பெயர் சொல்லியே தடுத்தார்கள். வாங்குகிறவருக்கு ஏமாற்று, மாட்டுக்கு வேதனை.

இந்த இடத்தில் சிலர் மனதில் ஒன்று ஓடும். எனக்குத் தெரியும். "ஜீவகாருண்யம் பேசுறவங்க எல்லாம் பக்ரீத் வந்தாத்தானே பேசுறாங்க, ஹஜ்ரத்தும் அவங்களோட சேர்ந்துட்டாரா?" உண்மைதான், வருஷம் முழுவதும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஒரு நாள் மட்டும் நம் மீது இரக்கப்பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் வெறுப்பும் கலந்திருக்கிறது. ஆனால் எல்லாரும் அப்படி அல்ல. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் வாரக்கணக்கில் கறியை விட்டு விரதம் இருப்பதை நாம் வருஷா வருஷம் பார்க்கிறோம். நம்மைச் சீண்டுவதற்காகவா அவர்கள் விடுகிறார்கள்? அடுத்தவர் கேட்கிறார் என்பதற்காகவே ஒரு கேள்விக்குக் காதை மூடிக்கொண்டால், நஷ்டம் நமக்கு. இந்தக் கேள்வியை நமக்கு முதலில் கேட்டது அவர்கள் அல்ல, அன்ஸாரித் தோட்டத்தில் நின்ற ஒட்டகம் கேட்டது.

நம் ஃபிக்ஹ் நூல்கள் இந்த விஷயத்தில் சும்மா இருக்கவில்லை. அரபுக் கல்லூரியில் ஹிதாயா ஓதிய ஒவ்வொரு ஆலிமுக்கும் தெரியும்: பிராணியைக் கீழே கிடத்திவிட்டுக் கத்தியைத் தீட்டுவது மக்ரூஹ். காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது மக்ரூஹ். உயிர் அடங்கும் முன் தோலை உரிப்பது மக்ரூஹ். துர்ருல் முக்தாரில் இதைவிட அழுத்தமான ஒரு இடம் உண்டு. மாட்டின் மீது சுமை ஏற்றலாம், ஆனால் சக்திக்கு மேல் கூடாது, அடிக்கக் கூடாது என்கிறார் ஆசிரியர். அதற்கு அவர் சொல்லும் காரணம்: முஸ்லிமுக்கு இழைக்கும் அநியாயத்தைவிட நம் பாதுகாப்பில் வாழும் பிற மதத்தவருக்கு இழைக்கும் அநியாயம் கடுமையானது, அதைவிடக் கடுமையானது பிராணிக்கு இழைப்பது. ஏன்? மனிதன் கோர்ட்டுக்குப் போவான், ஜமாஅத்தைக் கூட்டுவான், சில சமயம் மன்னித்தும் விடுவான். பிராணியிடம் போய் எப்படி மன்னிப்புக் கேட்பீர்கள்? ஷாஃபிஈ மத்ஹபின் பெரிய இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்), ஹிஜ்ரி 660இல் மறைந்தவர், பிராணிகளின் உரிமைகள் என்றே எழுதி வைத்திருக்கிறார். கிழடாகி, நோயாகி, இனிப் பயனில்லை என்றான பிறகும் அதற்குத் தீனி கொடுக்க வேண்டும். அதன் குட்டியை அதன் கண்முன்னே அறுக்கக் கூடாது. அது படுக்கும் இடம் வசதியாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் மிருகவதைச் சட்டங்கள் வருவதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேல் முந்தியது இது. பெருமைப்படலாம். ஆனால் கிதாபில் இருப்பது கொட்டகையில் இல்லையென்றால் அந்தப் பெருமையால் என்ன பயன்?

ஆகவே தம்பிக்கு என் பதில். முறையாக அறுக்கப்பட்ட பிராய்லர் கோழியின் கறி ஹலால். அதை ஹராம் என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் பிஸ்மில்லாஹ் அந்தக் கறியை ஹலாலாக்குகிறதே தவிர, முன்னால் நடந்த அநியாயத்தைக் கழுவிவிடுவதில்லை. இரண்டும் தனித்தனிக் கணக்கு. திருடிய கத்தியால் அறுத்தால் கறி ஹலால், திருட்டு திருட்டுதான். இங்கிலாந்தின் வோக்கிங் ஷாஜஹான் பள்ளிவாசலில் 1964 முதல் சில ஆண்டுகள் இமாமாக இருந்த இந்தியர் ஹாஃபிஸ் மஸ்ரி என்பவர், பண்ணைகளில் நடக்கும் கொடுமையைப் பற்றி இந்தக் கோணத்தில் நிறைய எழுதினார். தாமும் கறியை விட்டார். எல்லாரும் விட வேண்டும் என்ற இடத்துக்கு நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வெள்ளாட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கரையேற்றிய விதவைகள் நம் ஊரில் உண்டு. அந்த ஆடு பகலெல்லாம் வெளியில் மேயும், இரவு அவர் திண்ணையில் படுக்கும். அவருக்கு அதுதான் பேங்க். காலையில் ஓட்டிப் போகும்போதும் மாலையில் ஓட்டி வரும்போதும் கால்நடைகளில் உங்களுக்கு அழகு இருக்கிறது என்று அல்லாஹ் சொல்கிறானே, அந்த அழகு அங்கே இருக்கிறது. 2010இலிருந்து நம் அரசுப் பள்ளிகளில் சத்துணவில் வாரம் ஐந்து நாள் முட்டை தருகிறார்கள். கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைக்கு அந்த முட்டை பெரிய விஷயம். சூப்பர் மார்க்கெட்டில் பாதாம் பால் வாங்க முடிகிறவருக்கு எளிதான ஒன்றை அந்தப் பிள்ளையின் தாய் மீது கடமையாக்க எனக்கு நா எழவில்லை. இதைத் தம்பியிடமும் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "ஆனா ஹஜ்ரத், நம்ம வீட்ல வாரம் நாலு நாள் சிக்கன் எடுக்கிறது சத்துக்காக இல்லையே" என்றார். அதற்கு என்னிடம் மறுப்பில்லை.

கறிக்கு மதுவைப் போன்ற ஒரு பழக்கம் உண்டு, எச்சரிக்கையாக இருங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக முவத்தாவில் வருகிறது. மாதக்கணக்கில் அடுப்பு எரியாமல் பேரீச்சம்பழமும் தண்ணீருமாகக் கழிந்த நபி வீட்டைப் பற்றி ஆயிஷா (ரலி) சொல்லியிருக்கிறார்கள். நம் அத்தாமார் காலத்தில் கறி என்றால் வெள்ளிக்கிழமை, பெருநாள், கல்யாணம், விருந்தாளி. அது நாட்டுக்கோழி. குப்பையைக் கிளறித் திரிந்து, குஞ்சைக் காக்கப் பருந்தோடு சண்டை போட்ட கோழி. இன்று தினமும் வேண்டும், மலிவாகவும் வேண்டும். தினமும் மலிவாக வேண்டும் என்று நாம் கேட்பதால்தான் ஒரு சதுர அடிக் கணக்கு வந்தது. கறி விலை பத்து ரூபாய் ஏறினால் நாம் போடும் சத்தத்தில் பாதியாவது கோழி எப்படி வளர்ந்தது என்று கேட்டிருக்கிறோமா? அம்பு எய்தது நானில்லை என்று சொல்லிக்கொண்டே குறி தவறிய அம்பை வாங்கிக்கொண்டிருப்பது யார்?

ஷெட் வைத்திருக்கும் சகோதரர்களே, எத்தனை குஞ்சு இறக்குவது என்பது உங்கள் கையில் இல்லாமலிருக்கலாம். கோடையில் கூரைக்குத் தண்ணீர் தெளிப்பது உங்கள் கையில் இருக்கிறது. ஈரமான உமியை மாற்றுவது உங்கள் கையில். எழுந்து தண்ணீர் குடிக்க முடியாமல் கிடக்கும் கோழியை, தானாகச் சாகட்டும் என்று விடாமல் அன்றே கவனித்து முடிவு செய்வது உங்கள் கையில். இரவில் லாரி வரும்போது கோழி பிடிக்கும் ஆட்கள் ஒரு கைக்கு நாலைந்து என்று ஒற்றைக் காலில் தூக்கி எறிகிறார்கள். அந்த நேரம் நீங்கள் அங்கே நில்லுங்கள். பைக்கில் இரண்டு பக்கமும் தலைகீழாகக் கோழியைக் கட்டித் தொங்கவிட்டுப் பத்து கிலோமீட்டர் போவது நம் ரோட்டில் சாதாரணமாகிவிட்டது. அது சாதாரணம் அல்ல. ஒரு கூடையின் விலை எவ்வளவு?

குர்பானிக்கும் இதுவே. ஆட்டோவில் கால்களைக் கட்டி ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுக் கொண்டுவருவது, முந்தின இரவு தண்ணீர் கூட வைக்காமல் விடுவது, ஒன்றை அறுக்கும்போது மற்றதைப் பக்கத்தில் நிறுத்துவது. ஆட்டின் முன்னால் கத்தி தீட்டியவரைப் பார்த்து, இதை இரண்டு தடவை சாகடிக்கப் பார்க்கிறாயா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். குர்பானியின் கறியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, தக்வாதான் அடைகிறது என்பதை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம். இந்த வருஷம் பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு படுதா கட்டி, அறுக்கும் இடத்தை மற்ற ஆடுகளின் கண்ணிலிருந்து மறைக்க நிர்வாகத்தாரிடம் பேசியிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார்கள்.

கடைசியாகக் கறிக்கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். வரிசையில் நிற்கிறவர் அவசரப்படுத்துவார். அந்த அவசரத்தில் அறுத்த கோழியை டிரம்முக்குள் போட்டு, துடிப்பு அடங்கும் முன் வெந்நீரில் முக்கிவிடுகிறார்கள். உயிர் போகும் முன் வெந்நீரில் போட்டு அந்தச் சூட்டில் அது செத்தால், அங்கே இரக்கத்தின் கேள்வி மட்டுமல்ல, ஹலாலின் கேள்வியே வந்துவிடுகிறது. அடங்கும் வரை பொறுங்கள். வாடிக்கையாளர்களும் பொறுங்கள், ஒரு கோழிக்கு இரண்டு மூன்று நிமிஷம்தான். உயிருள்ள கோழிகளின் கூண்டை அறுக்கும் மேடைக்கு எதிரே வைக்காமல் திருப்பி வையுங்கள். வருகிற ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸா அறையில் கடைக்காரர்கள் எல்லாரும் வந்து உட்காருங்கள், நிதானமாகப் பேசுவோம். வரும்போது கடையில் புழங்கும் கத்திகளைக் கொண்டு வந்துவிடுங்கள். சாணை பிடிப்பவரை வரச் சொல்லியிருக்கிறேன். கூலி பள்ளிவாசல் கணக்கில்.